இரண்டு தசம் எட்டு

கண்ணாடி வெட்டுவதை விட்டு நாலு வருடம்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் படச்சட்டக் கடையில்
இப்போது அஸ்மீர்தான் வெட்டுகிறான்.
நான் மரம் அளக்கிறேன், ரசீது எழுதுகிறேன்,
ஆணிப்பெட்டிக்கு எட்டாத கதிரையில் இருக்கிறேன்.
கதிரையை அங்கே போட்டது ஜெசிந்தா.

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து
பழுதான கதவைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார்கள்.
கரி நிறம், பத்து ரூபாய்க் குற்றி அளவு,
ஆயுளுக்கும் உழைக்கும் என்றார் டொக்டர்.
உழைக்கிறது. கேட்கிறது.
பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்ட அன்று
ஃபாதர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.
அது உங்களுடையது இல்லை ஃபாதர், என்னுடையது என்றேன்.
அன்றைக்கு நான் சொன்னதில்
அது ஒன்றுதான் முழு உண்மை.

இரத்தத்துக்கு அந்நியரைப் பிடிக்காது.
கண்டால் சுற்றி வளைத்து மூடப் பார்க்கும்.
அதற்குக் கொஞ்சம் மறதி கொடுக்கத்தான் மாத்திரை.
கொஞ்சம்.
அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்கத்தான்
செவ்வாய்க்கிழமைகளில் விடியப் போய் நம்பர் எடுக்கிறேன்.

மிஸ் சந்திரகாந்தி மஞ்சள் கொப்பியில் எழுதுவார்.
ஒன்று தசம் ஒன்பது:
மன்னாரிலிருந்து மச்சாள் வந்து
கிழமை முழுக்க முருங்கையிலை வறுத்த மாதம்.
நாலு தசம் ஆறு:
இருமலுக்கு வேறு மருந்து குடித்த மாதம்,
இடித்த ஞாபகமே இல்லாமல்
தொடையில் ஒரு கத்தரிக்காய் நிறம்.
இரண்டு தசம் எட்டு என்றால்
மிஸ் தலை நிமிர்த்தி, "ஹொந்தாய்" என்பார்.
பரீட்சை எதிலும் எனக்கு யாரும்
இப்படிச் சொன்னதில்லை.

கீரை சாப்பிடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.
ஒரே அளவாகச் சாப்பிடு என்றார்கள்.
அதுதான் கஷ்டம்.
ஜெசிந்தா வல்லாரையைப் பிடி பிடியாக எண்ணுகிறாள்,
சம்பளம் எண்ணுவதுபோல.

மருந்தில்லாத அந்த வருடம்
ஆமர் வீதி ஃபாமசியில் ரோஸ் நிறம் மட்டும் இருந்தது,
ஐந்து மில்லிகிராம்.
எனக்கு வேண்டியது நாலு.
வெளியே பெற்றோல் வரிசை கோயில் மதில் வரை.
இருட்டில், மெழுகுதிரி வெளிச்சத்தில்
சவர அலகை எடுத்தேன்; அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
கண்ணாடிக்கு வேண்டாம் என்ற கை
மாத்திரைக்குச் சரியாக வந்தது.
அரை. அரையில் அரை.
மிஞ்சிய தூளைக் கடதாசியில் மடித்து வைத்தோம்,
திருநீற்றைப்போல. நாங்கள் வேதக்காரர், இருந்தாலும்.

கடைவாய்ப் பல் ஒன்று இன்னும் வலிக்கிறது.
பல் டொக்டர் இருதய டொக்டரிடம் கடிதம் கேட்கிறார்.
இருதய டொக்டர் கொப்பியைக் கேட்கிறார்.
பல் யாரையும் கேட்பதில்லை.

ஜூன் மாதம் திருஇருதயப் படங்களுக்குச் சீசன்.
மட்டக்குளியில் புது வீட்டுக்காரர் ஒருவருக்கு
பெரிய அளவுக் கண்ணாடி வெட்டும்போது
அஸ்மீரின் சுட்டுவிரல் கிழிந்தது.
நன்றாகவே வந்தது இரத்தம்,
மேசையில், அளவுகோலில்.
நான் எழும்பவில்லை. கால் வரவில்லை.
அவன் விரலை வாயில் வைத்தான்.
போனுக்குப் பதில் சொன்னான்.
பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

கையைக் காட்டு என்றேன்.
காயத்துக்கு இரங்குகிறேன் என்று நினைத்து நீட்டினான்.
நின்றுவிட்டிருந்தது.
நம்பர் எடுக்காமல், கொப்பியில் எழுதாமல்,
கறுத்த சின்னக் கோடாக.
பத்தொன்பது வயதுப் பெடியனின்
சொத்துமில்லை, தலைமயிருமில்லை,
அந்தக் கோட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

"ஒண்டுமில்ல முதலாளி" என்றான்.
ஒன்றுமில்லைதான்.

மேசையில் சாய்ந்திருந்த படத்தில்
திறந்த நெஞ்சு, முள்வளையம்,
விழாமலும் உலராமலும் ஒரு சொட்டு.
ஆண்டவரே, உமக்கு எத்தனை என்று
கேட்க வாய் வந்தது.

ஆறு மணி.
இன்றைக்கு நீலம் ஒன்று, பழுப்பு ஒன்று.
தண்ணீர்ப் போத்தலை அஸ்மீர்
இடது கையால் நீட்டுகிறான்.